செயலாளரின் ஆண்டறிக்கை – 2025: ஒன்ராறியோ ஏரியில் நமது படகுகளும் தூண்டில்களும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாகக் குழுவினரே, சங்கத்தின் மூத்தோரே, சகோதர சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

கரையோரப் பனி விலகிய ஏப்ரல் முதற் கிழமையிலிருந்து, கடைசிப் படகுக்கும் தார்ப்பாய் போர்த்தப்பட்ட நவம்பர் நடுப்பகுதி வரையான காலத்தில் நமது தூண்டிற்காரர் சங்கம் செய்தவற்றையும் செய்யத் தவறியவற்றையும் பொதுச்சபையின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகையால் ஓரிடத்தைத் தவிர வேறெங்கும் பணத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

சென்ற ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டபோது, எத்தனை மீன் பிடித்தோம் என்பதைச் சொல்லாமல் எஞ்சின் எண்ணெயைப் பற்றியே செயலாளர் பேசுகிறார் என்ற முறைப்பாடு எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இம்முறையும் எண்ணெய் வரும். சங்கத்தின் நாட்குறிப்பைப் புரட்டி இவ்வாண்டு வீணான நாட்களை எண்ணிப் பார்த்தபோது, மீன் கடிக்காததால் வீணான நாட்களைவிட, படகு பழுதாகிக் கரையில் நின்றதால் வீணான நாட்களே கூடுதலாக இருந்தன. காற்றினால் தடைப்பட்ட நாட்களை இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை.

தொடங்குமுன் சொல்லொன்றைப் பற்றிய விளக்கம். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டில்களை இழுத்துச் செல்லும் முறையை ‘இழுவைத் தூண்டில்’ என்று எழுதலாமே என மொழிப்பற்றுள்ள உறுப்பினர் ஒருவர் கேட்டிருந்தார். நிருவாகக் குழு இதைப் பற்றி ஏறக்குறைய அரைமணி நேரம் பேசியது. மயிலிட்டியிலும் குருநகரிலும் மன்னாரிலும் கடலோடு வளர்ந்த நமது மூத்த உறுப்பினர்களுக்கு ‘இழுவை’ என்றதும் நினைவுக்கு வருவது வடகடலின் அடியை வாரிச் செல்லும் இழுவைமடிதான். அந்தச் சொல்லை நமது பொழுதுபோக்குக்குச் சூட்ட அவர்கள் விரும்பவில்லை. ஆகவே படகுத்துறையில் எல்லோரும் சொல்வதைப்போல ‘ட்ரோலிங்’ என்றே எழுதியிருக்கிறேன்.

இளவேனிற்காலம்

ஏப்ரல், மே மாதங்களில் நடு ஏரி 4 பாகை செல்சியஸ் அளவில் குளிர்ந்து கிடக்க, வெயில் படும் கரையோரத்து ஆழமற்ற நீரும் ஆற்று முகத்துவாரங்களும் சில பாகை சூடேறிவிடுகின்றன. சின்ன மீன்கள் அந்தச் சூட்டைத் தேடி வர, அவற்றைத் தேடி பிரவுண் ட்ரவுட் வருகிறது. ஐந்து அடி முதல் பதினைந்து அடி வரையான நீரில் நிற்கும் இந்த மீன் படகின் நிழலையும் எஞ்சின் ஓசையையும் கண்டு மிரளும். அதிலும் 1980களின் இறுதியில் பேரேரிகளுக்குள் புகுந்த வரிச்சிப்பிகளும் அவற்றைத் தொடர்ந்து வந்த குவாகா சிப்பிகளும் நீரை வடிகட்டித் தெளிவாக்கிவிட்டபடியால், படகுக்கு நேர் பின்னால் தூண்டிலை இழுப்பது இப்போது பெரும்பாலும் வீண்வேலை. அதனால் படகுக்குப் பக்கவாட்டில் விலகி மிதந்துவரும் பக்கப் பலகைகளைப் பாவித்து, தூண்டிலைப் படகின் பாதையிலிருந்து அறுபது எழுபது அடி விலக்கி, பலகைக்குப் பின்னால் இன்னும் எண்பது நூறு அடி தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) விட்டு, விரல் நீள மீன் வடிவத் தூண்டில்களை மணிக்கு இரண்டு மைலுக்குக் குறையாத வேகத்தில் இழுத்தோம். கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் கோட்டை ஒட்டி இழுத்த படகுகளுக்கு நல்ல பலன் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியும் அந்தக் கோடுதான் மே மாதத்துக்கான வரைபடம். மீன்காட்டும் கருவி அந்த ஆழத்தில் அவ்வளவாக உதவாது.

இக்காலத்தில் உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தால் மட்டும் போதாது, உடலில் அணிந்திருக்க வேண்டும் என்பதை இவ்வாண்டு நிருவாகக் குழு கட்டாய விதியாக்கியது. குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்திக்கொள்ள ஒரு நிமிடம், கைகால்கள் பயன்தரும்படி இயங்கப் பத்து நிமிடம், குளிரால் நினைவு தப்பும் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று பாதுகாப்புப் பயிற்சிகளில் கற்பிக்கிறார்கள். முதல் நிமிடத்தில் ஏற்படும் திணறலின்போது தண்ணீரைக் குடித்து மூழ்குபவர்கள் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களாகவும் இருக்கலாம். “கடலில் பிறந்தவனுக்கு அங்கி எதற்கு” என்று கேட்ட ஐயாவுக்கு இதை விளக்கிச் சொன்னபோது, அவர் பதில் சொல்லாமல் அங்கியை மாட்டிக்கொண்டார். அதற்காக அவருக்கு இச்சபையில் நன்றி சொல்கிறேன்.

கோடைகாலம்: ஆழம், வெப்பம், காற்று

யூன் பிற்பகுதியிலிருந்து ஏரி இரண்டு அடுக்காகப் பிரிகிறது. மேலே சூடான நீர், கீழே குளிர்ந்த நீர், இரண்டுக்கும் நடுவே சில அடிகளுக்குள் பல பாகை வெப்பம் இறங்கிவிடும் மெல்லிய இடையடுக்கு. நாம் தேடும் சினூக் சால்மன் 10 முதல் 13 பாகை வரையான நீரை விரும்புவதாலும், அதன் இரையான அலைவைஃப் என்னும் சிறு மீன் இடையடுக்கின் மேல் விளிம்பில் கூட்டம் கூடுவதாலும், தூண்டிலை எந்த ஆழத்தில் இழுப்பது என்ற கேள்விக்கு விடை அந்த அடுக்கு அன்று எங்கே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. சென்ற கிழமை எழுபது அடியில் கடித்தது, இன்றும் எழுபது அடியில் கடிக்கும் என்று நம்பிப் போன படகுகள் இவ்வாண்டும் வெறுங்கையோடு திரும்பின.

யூலை நடுப்பகுதியில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். மூன்று நாட்கள் விடாமல் கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசி ஓய்ந்த மறுநாள், புளஃபர்ஸ் பார்க் துறையிலிருந்து நமது படகுகள் நான்கு விடியுமுன் புறப்பட்டன. முந்திய கிழமை 20 பாகை காட்டிய மேல்நீர் அன்று 9 பாகை காட்டியது. கருவி பழுதென்று ஒருவர், கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள் என்று இன்னொருவர். அதற்குள் அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) இருந்த தம்பி ஒருவர் கையை நீரில் விட்டு உடனே எடுத்துக்கொண்டார்.

மேற்கிலிருந்து வீசும் காற்று ஏரியின் மேல்நீரைத் தனக்கு நேர் முன்னே மட்டும் தள்ளுவதில்லை. பூமியின் சுழற்சியால் நீரின் நகர்வு காற்றுத் திசைக்கு வலப்பக்கமாகச் சாய்கிறது. ஒன்ராறியோ ஏரி கிழக்கு மேற்காக ஏறக்குறைய 311 கிலோமீற்றர் நீண்டு கிடப்பதாலும் நாம் அதன் வடகரையில் இருப்பதாலும், கச்சான் நிலைத்து வீசும்போது சூடான மேல்நீர் நமது கரையை விட்டுத் தெற்கே நகர்ந்து போக, அதன் இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் மேலெழுகிறது. கிழக்கிலிருந்து கொண்டல் வீசினால் இதற்கு நேரெதிராகச் சூடான நீர் நமது கரையில் வந்து குவிந்து, இடையடுக்கு ஆழத்துக்குப் போய்விடுகிறது. கச்சானையும் கொண்டலையும் பெயர் சொல்லி அறிந்த நமது மூத்தவர்களுக்கு இது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. ஊரில் ஒரு காற்று மாதக்கணக்கில் நின்று வீசும், இங்கே இரண்டு நாளில் திரும்பிவிடும் என்பதுதான் அவர்களுக்குப் புதிது.

அன்று மூன்று படகுகள் பழைய இடத்திலேயே சுற்றின. நான்காவது படகு தூண்டிலைப் போடாமலே தெற்கு நோக்கி ஓடி, மேல்நீர் 9 பாகையிலிருந்து 15 பாகைக்குத் தாவும் விளிம்பைக் கண்டுபிடித்து, அவ்விளிம்பின் சூடான பக்கத்தில் நாற்பது அடியில் தூண்டிலை இறக்கியது. மதியத்துக்குமுன் அப்படகில் இருந்த இருவருக்கும் மீன் போதுமாயிற்று. அவர்களிடம் இருந்த தூண்டில்கள் மற்ற மூன்று படகுகளிலும் இருந்தவைதான். அவற்றுள் ஒன்று என்னுடைய பெட்டியிலிருந்து இரவல் போனது என்பதையும், நான் பழைய இடத்தில் சுற்றிய படகொன்றில் இருந்தேன் என்பதையும் நாட்குறிப்பின் நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

வேகமும் திருப்பமும்

வேகத்தைப் பற்றி உறுப்பினர்களிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தைக் களைவது இவ்வாண்டுப் பயிற்சி வகுப்பின் முதல் நோக்கமாக இருந்தது. ஜிபிஎஸ் காட்டும் வேகம் தரையை ஒப்பிட்ட வேகம். தூண்டிலுக்கோ தன்னைச் சுற்றியுள்ள நீரில் என்ன வேகம் என்பதே கணக்கு. எண்பது அடி ஆழத்தில் ஓடும் நீரோட்டம் மேல்நீரின் திசைக்கு எதிராகவும் இருக்கலாம் என்பதால், கிழக்கே போகும்போது மணிக்கு 2.5 மைல் சரியாக இருந்தால், மேற்கே திரும்பியதும் அதே 2.5 மைல் மிகக் கூடுதலாகவோ குறைவாகவோ ஆகிவிடும். ஆழத்து வேகத்தை அளக்கும் கருவி நமது படகுகளில் ஒன்றில் மட்டுமே உண்டு. மற்றவர்கள், குண்டைக் கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிகரின் கம்பி பின்னோக்கிச் சாயும் கோணத்தையும், மீனைக் கவரத் தூண்டிலுக்கு முன்னால் கட்டும் பளபளப்பான தகடாகிய ஃபிளாஷர் சுழலும்போது தடியின் நுனி தலையசைக்கும் ஒழுங்கையும் பார்த்தே மதிப்பிட வேண்டும். தடி ஒரே சீராகத் தலையாட்டினால் ஃபிளாஷர் ஒழுங்காகச் சுழல்கிறது. நடுங்கினாலோ அசையாமல் நின்றாலோ வேகம் பிழை, அல்லது தூண்டிலில் குப்பை சிக்கியிருக்கிறது.

கருவி இல்லாதவருக்கு இன்னோர் ஆசிரியர் உண்டு. படகு மெல்லத் திரும்பும்போது உட்பக்கத் தூண்டில்கள் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கத் தூண்டில்கள் வேகம் கூடி உயரும். திருப்பத்தில் உட்பக்கத் தடி வளைந்தால், மீன் இன்னும் மெதுவாகவோ ஆழமாகவோ வரச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெளிப்பக்கத் தடி வளைந்தால் அதன் எதிர்மறை. நேர்கோட்டில் மணிக்கணக்காக ஓட்டிச் சென்று, பின்பு மீனில்லை என்று முறையிடும் உறுப்பினர்கள் மணிக்கு ஒரு தடவையாவது சுக்கானைத் திருப்பிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆனால் திருப்பம் பெரிய வளைவாக இருக்க வேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் படகொன்று சட்டென்று திரும்பியதால் ஆறு தூண்டில்கள் ஒன்றாகப் பின்னிக்கொள்ள, அதை அவிழ்ப்பதிலேயே ஒரு காலைப்பொழுது போயிற்று.

சாதனங்கள்

பணத்தைப் பற்றிப் பேசும் இடம் இதுதான். தூண்டில் கடைகளில் விற்கும் பளபளப்பான கரண்டிகளில் பல மீனைப் பிடிப்பதற்குமுன் நம்மைப் பிடித்துவிடுகின்றன. நமது உறுப்பினர் ஒருவரிடம் நூற்றுக்கும் மேற்பட்ட கரண்டித் தூண்டில்கள் உள்ளன, ஆனால் அவருடைய டவுன்ரிகர் கம்பி எப்போது மாற்றப்பட்டது என்பது அவருக்கே தெரியாது. பச்சை, நீலம், வெள்ளி, விடியலுக்கு ஒளிரும் வெள்ளை என்று ஏழெட்டுக் கரண்டிகளும், எட்டு அங்குலத்திலும் பதினொரு அங்குலத்திலும் இரண்டு மூன்று ஃபிளாஷர்களும், அவற்றின் பின்னால் கட்டும் மயிர்த்தூண்டில்கள் சிலவும் இருந்தால் ஒரு பருவத்துக்குப் போதும் என்பது என் கருத்து. மீதிப் பணம் நல்ல கம்பிக்கும் கொளுவிகளுக்கும் ஈயக் குண்டுக்கும் போக வேண்டும்.

டவுன்ரிகரில் பத்து முதல் பன்னிரண்டு இறாத்தல் குண்டு நமது ஏரிக்குப் பொதுவாகப் போதும். ஆனால் விட்ட கம்பியின் நீளத்தைக் காட்டும் மாணியில் நூறு அடி என்று காட்டும்போது குண்டு உண்மையில் நூறடியில் நிற்பதில்லை. படகின் ஓட்டத்தில் கம்பி பின்னோக்கிச் சாய்வதால் அது பத்தடி மேலே நிற்கக்கூடும். மீன்காட்டும் கருவியில் குண்டின் கோடு தெரியுமாறு அமைத்துக்கொண்டால் இக்குழப்பம் தீரும். டிப்சி எனப்படும் மூழ்கு தட்டில் அடியிலுள்ள எண் 3 இல் வைத்தால் தட்டு படகிலிருந்து அதிகம் விலகி, ஆழம் குறைந்து ஓடும். 0 இல் வைத்தால் விலகாமல் நேரே கீழிறங்கும். உள்ளே ஈயம் ஓடும் ஈயக்கரு நூலுக்குக் கணக்கு இன்னும் எளிது. பத்து யார் (கெஜம்) நீளத்துக்கு ஒருமுறை நூலின் நிறம் மாறும், மெதுவான ஓட்டத்தில் ஒரு நிறத்துக்கு ஏறக்குறைய ஐந்தடி இறங்கும். ஊரில் பாகக்கணக்கில் கயிறு விட்டவர்கள் இதை ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள்.

ஃபிளாஷருக்கும் மயிர்த்தூண்டிலுக்கும் இடையிலுள்ள தங்கூசியின் நீளத்தில் தயவுசெய்து சிக்கனம் வேண்டாம், ஊதாரித்தனமும் வேண்டாம். ஃபிளாஷர் தன் சுழற்சியால் தூண்டிலுக்கு உதறல் கொடுக்க வேண்டுமானால் இடைநூல் ஐம்பது இறாத்தல் தடிப்பில் விறைப்பாகவும், ஃபிளாஷரின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு அல்லது சற்றுக் கூடுதலாகவும் இருப்பது வழக்கம். மூன்று மடங்கைத் தாண்டினால் உதறல் செத்துவிடும். மீன் ஃபிளாஷரைப் பார்த்து வந்து, பின்னால் பிணம்போல வரும் மயிர்க்கொத்தைப் பார்த்துத் திரும்பிவிடும்.

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் தூண்டில் நூலில் ஈரப் பஞ்சுபோல ஒட்டிக்கொண்டு, சுருளின் வழிகாட்டி வளையத்தை அடைத்துவிடும் முள்வால் நீர்த்தெள்ளுகள் என்னும் சின்னஞ்சிறு நீர்வாழ் உயிரிகளால் இவ்வாண்டும் தொல்லைப்பட்டோம். இவற்றுள் கொக்கிவால் தெள்ளு இந்த ஏரியில் முதன்முதலாகக் காணப்பட்டது 1998இல். கப்பல்களின் சமநிலை நீரோடு வந்து சேர்ந்தது அது. மெல்லிய நூலில் இவை எளிதில் கோத்துக்கொள்கின்றன, தடித்த தங்கூசியில் அவ்வளவாகத் தங்குவதில்லை. ஆகவே கோடையில் முப்பது இறாத்தல் தங்கூசிக்கு மாறுவதே நல்லது.

பின்னல் நூல் செய்த வினை

இனி எண்ணெய்க்கு வருகிறேன். இவ்வறிக்கையில் நீங்கள் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பதாயின் இப்பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தின் பொதுப் படகில் சென்ற ஆண்டு இலையுதிர்காலத்தில், டிப்சித் தடியிலிருந்து தளர்ந்த பின்னல் நூல் சுழல்விசிறியில் சுற்றியது. வெட்டி எடுத்துவிட்டோம் என்று நினைத்தோம். விசிறியைக் கழற்றிப் பார்க்கவில்லை. விசிறிக்குப் பின்னால் தண்டைச் சுற்றிக் கிடந்த சில முழம் நூல், தண்டு சுழலச் சுழல அங்குள்ள இறப்பர் அடைப்பைக் கத்திபோல அறுத்துக்கொண்டிருந்தது. அறுந்த அடைப்பின் வழியே கியர்ப் பெட்டிக்குள் நீர் கசிந்தது. அவ்வாண்டு குளிர்காலச் சேமிப்புக்குமுன் கியர் எண்ணெய் மாற்றப்படவில்லை. நேரமில்லை என்பது அன்று சொல்லப்பட்ட காரணம், சொன்னவரும் நான்தான். எண்ணெயைவிடக் கனமான நீர் பெட்டியின் அடியில் தேங்கி, சனவரிக் குளிரில் உறைந்து விரிந்தது. இவ்வாண்டு ஏப்ரலில் அடிச்சுரையைத் திறந்தபோது முதலில் நீரும் பின்பு பாற்சொதி நிறத்தில் எண்ணெயும் வந்தன. பெட்டியின் ஓரத்தில் நகக்கீறல் போன்ற வெடிப்பு. மே மாதம் முழுவதும் பொதுப் படகு இல்லாமற் போனதற்கும், சொந்தப் படகில்லாத உறுப்பினர்களின் இளவேனிற் பயணங்கள் தடைப்பட்டதற்கும் மூலகாரணம் அந்தச் சில முழ நூல். அவர்களிடம் செயலாளர் என்ற முறையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

இதன் பின்னர் நிருவாகக் குழு பின்வரும் நடைமுறையை ஏற்றுக்கொண்டது. நூல் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் பருவத்தில் இரண்டு தடவையாவது விசிறியைக் கழற்றி, தண்டைத் துடைத்து, கிறீஸ் பூசி மாட்ட வேண்டும். கியர் எண்ணெயை ஆண்டுதோறும் இலையுதிர்காலத்திலேயே மாற்ற வேண்டும், இளவேனிலுக்குத் தள்ளக்கூடாது. மாற்றும்போது முதலில் அடிச்சுரையையும் பின்பு மேற்சுரையையும் திறந்து வடியவிட்டு, புதிய எண்ணெயை அடித்துளை வழியே மேல்நோக்கி ஏற்றி, மேல்துளையில் காற்றுக்குமிழி இல்லாமல் எண்ணெய் வழிந்ததும் மேற்சுரையை முதலில் பூட்டி, அதன் பின்பே அடியைப் பூட்ட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவே காற்று தங்கிவிடும். இரண்டு சுரைகளுக்கும் புதிய வாசர் போட வேண்டும். பழைய வாசரைத் திருப்பிப் போடும் சிக்கனம் வேண்டாம்.

நீர்ப்பம்பின் இறப்பர் விசிறி பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சினிலிருந்து பக்கவாட்டில் பீறிடும் நீர்த்தாரை மெலிந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அந்த இறப்பர் இதழ்கள் ஓடாமல் கிடந்தாலும் ஒரே பக்கம் வளைந்து இறுகிவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். நீரில்லாமல் சில விநாடிகள் ஓட்டினாலே அவை கருகிவிடும் என்பதால், வீட்டு முற்றத்தில் எஞ்சினைச் சோதிப்பவர்கள் நீர்க்குழாய் பொருத்தாமல் சாவியைத் தொடக்கூடாது. எஞ்சினில் பொருத்தப்பட்டுள்ள அரிப்புத் தடுப்பு உலோகக் கட்டி கடல்நீருக்கானதாக இருந்தால் அது துத்தநாகம். நன்னீரில் அதன்மேல் படலம் படிந்து செயலற்றுப்போகும். ஏரிப் படகுக்கு மக்னீசியக் கட்டியே ஏற்றது. பழைய படகை வாங்கிய மூவர் இதை அறியாமல் இருந்தார்கள்.

குளிர்காலச் சேமிப்பைப் பொறுத்தவரை, எதனோல் கலந்த பெற்றோல் நீரை உறிஞ்சிப் பிரியக்கூடியது என்பதால், நிலைநிறுத்தி மருந்தைக் கலந்து பத்து நிமிடமாவது எஞ்சினை ஓட்டி, அது கார்புரேற்றர் வரை போய்ச் சேர்வதை உறுதி செய்ய வேண்டும். வெளியிணைப்பு எஞ்சினைச் சாய்த்து வைக்காமல் நிமிர்த்தி வைத்தால் உள்ளே தங்கிய நீர் தானாகவே வடிந்துவிடும். பற்றரியைக் கழற்றி முழுமையாகச் சார்ஜ் ஏற்றி வைத்தால் இந்நாட்டுக் குளிரில் அது உறையாது. சார்ஜ் இறங்கிய பற்றரியோ மறை 10 (-10) பாகை வருமுன்னரே உறையத் தொடங்கி வெடிக்கும்.

ட்ரெயிலரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய சக்கரக் குடத்தைக் குளிர்ந்த நீருக்குள் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, அடைப்பின் வழியே நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீர் பெயரிங்கைத் துருப்பிடிக்கச் செய்யும். செப்டெம்பரில் நமது படகொன்று 401ஆம் நெடுஞ்சாலையோரம் ஒற்றைச் சக்கரத்தில் சாய்ந்து நின்றதற்குக் காரணம் இதுவே. அப்பெயரிங்கைத் தாங்களே கிறீஸ் ஏற்றித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய பழுதுபார்ப்பு நிலையம் மூடியைக்கூடத் திறக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது. துறைக்கு வந்ததும் பதினைந்து நிமிடம் பொறுத்து, குடத்தைத் தொட்டுப் பார்த்து, கைச்சூடு அளவுக்கு ஆறிய பின்பே இறக்குங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் வடிகால் அடைப்பான் பூட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

சட்டமும் ஒழுங்கும்

ஒன்ராறியோவில் 2022 சனவரி 1 முதல், படகைத் தரைவழியே கொண்டு செல்லுமுன் வடிகால் அடைப்பான்களைக் கழற்றி நீரை வெளியேற்றுவதும், ஒட்டியிருக்கும் நீர்த்தாவரங்களையும் உயிரினங்களையும் அகற்றுவதும் சட்டக் கடமையாகும். சிம்கோ ஏரிக்கும் காவர்த்தா ஏரிகளுக்கும் போய்வரும் உறுப்பினர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். மோட்டர் பூட்டிய படகை ஓட்டுபவரிடம் ஓட்டுநர் தகுதி அட்டை இருக்க வேண்டும் என்பதும், நமது கரையோரத்தில் படகிலிருந்து ஒருவர் இரண்டு நூல் வரை போடலாம் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் ஒரு நூலில் நான்கு கொக்கிகளுக்கு மேல் கூடாது என்பதும், மூன்று முனைக் கொக்கி ஒரே கொக்கியாகவே கணக்கிடப்படும் என்பதும் சிலருக்கு இவ்வாண்டு வகுப்பில்தான் தெரியவந்தது. 65 வயது நிரம்பியவர்கள் மீன்பிடி உரிமம் வாங்கத் தேவையில்லை என்றாலும் அடையாள ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். எண்ணிக்கை வரம்புகள் அவர்களுக்கும் உண்டு. வரம்புகள் மீன் வகைக்கு வகை வேறுபடுவதாலும் மாறக்கூடியவை என்பதாலும், அவ்வாண்டு மாகாண அரசு வெளியிடும் விதித்தொகுப்பை ஒவ்வொரு படகிலும் வைத்திருக்க ஏற்பாடு செய்துள்ளோம்.

மீனை உண்பது பற்றி அக்காமார் சிலர் கேட்டிருந்தார்கள். மாகாண அரசின் மீன் உணவு வழிகாட்டி, எந்த நீர்நிலையில் எந்த மீனை, எத்தனை அங்குல நீளத்தில், மாதத்துக்கு எத்தனை தடவை உண்ணலாம் என்று சொல்கிறது. குழந்தைகளுக்கும் கருவுறக்கூடிய வயதிலுள்ள பெண்களுக்கும் தனி அளவு உண்டு. சில நச்சுப்பொருட்கள் கொழுப்பில் சேர்வதால், பெரிய சால்மனின் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கிவிட்டுச் சமைப்பது நல்லது. தலைக்குழம்புப் பிரியர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தியல்ல என்பதை அறிவேன். யூலையில் நடந்த ஒடியற்கூழ் ஒன்றுகூடலில் சிறிய மீன்களையே பாவித்தோம்.

இலையுதிர்காலம்

ஓகஸ்ட் இறுதியிலிருந்து முதிர்ந்த சினூக் தான் வளர்ந்த ஆறுகளின் முகப்பில் வந்து நிற்கத் தொடங்கும். இரை தின்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்ட அம்மீனைச் சீண்டித்தான் கடிக்க வைக்க வேண்டும் என்பதால், வேகத்தைச் சற்றுக் கூட்டி, பெரிய ஒளிரும் தூண்டில்களை விடியுமுன்னரே இழுத்தோம். கறுத்துப்போன மீன்களைத் திரும்ப விட்டுவிடுவது என்று பெரும்பாலான உறுப்பினர்கள் தாமாகவே முடிவு செய்தது பாராட்டுக்குரியது. இந்த ஏரிக்கே உரிய அட்லாண்டிக் சால்மன் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் இங்கிருந்து அற்றுப்போனது. இன்று நாம் பிடிக்கும் சினூக் பசிபிக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்டு, 1960களின் பிற்பகுதியிலிருந்து இங்கே விடப்பட்ட இனம். அதுவும் நம்மைப்போல வந்து குடியேறியதுதான் என்று தலைவர் அண்ணா கூழ் குடிக்கையில் சொன்னதை, அவர் விருப்பத்தின்பேரில் அறிக்கையில் சேர்க்கிறேன்.

படகில் வாழைப்பழம் ஏற்றினால் மீன் கடிக்காது என்பது இங்குள்ள மீன்பிடிகாரரின் நம்பிக்கை. முதற் பயணத்தன்று தேங்காய் உடைத்து வாழைப்பழம் வைத்த நமது படகைக் கண்டு பக்கத்துப் படகுக்காரர் தலையில் கைவைத்தார். அன்று இரு படகுக்கும் மீன் கிடைக்கவில்லை. இதுபற்றி நிருவாகக் குழு எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை.

பொதுச்சபையின் தீர்மானத்துக்கு

அடுத்த பருவத்துக்காகச் சபையின் ஒப்புதலைக் கோரும் விடயங்கள் இவை. பொதுப் படகுக்கு ஆழத்து வேகத்தையும் வெப்பத்தையும் அளக்கும் கருவியொன்றை வாங்குதல். ஒவ்வொரு படகுக்கும் பராமரிப்புக் குறிப்பேடு ஒன்றைக் கட்டாயமாக்கி, கியர் எண்ணெய் மாற்றிய நாள் அதில் எழுதப்படாத படகைச் சங்கப் பயணங்களில் சேர்க்காதிருத்தல். மார்ச் மாதத்து இரண்டு சனிக்கிழமைகளில், நூல் முடிச்சுகளுக்கு ஒரு வகுப்பும் பெயரிங்கைக் கழற்றிப் பூட்டும் வகுப்பொன்றும் நடத்துதல். உரிமக் கட்டணமின்றி மீன்பிடிக்க மாகாண அரசு அனுமதிக்கும் யூலைக் கிழமையில், பிள்ளைகளுக்குக் கரையிலிருந்து தூண்டில் போடப் பழக்குதல்.

பயிற்சி வகுப்புகளுக்குத் தம் கராஜைத் தந்த உறுப்பினருக்கும், வெடித்த கியர்ப் பெட்டியை மாற்றுவதற்கு மூன்று இரவுகள் கூட நின்ற தம்பிமாருக்கும், விடியற்காலை மூன்று மணிக்குத் தேநீர்ப் போத்தல் நிரப்பித் தந்த வீட்டாருக்கும் சங்கத்தின் நன்றி. சங்கத்துக்குச் சொந்தமான கியர் எண்ணெய்ப் பம்பு ஒக்டோபர் நடுப்பகுதியில் இரவல் போனது, இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர் இன்றைய கூட்டம் முடியுமுன் அதைப் பொருளாளரிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவருடைய படகிலாவது எண்ணெய் மாற்றப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்
ஸ்காபரோ, ஒன்ராறியோ